என் பெயர் மேல் கட்டிய வாட்ச்

என் வீட்டுக்காரரின் இடது மணிக்கட்டில் என் பெயர் இருக்கிறது. தப்பாக இருக்கிறது. ‘இசக்கி’ என்று குத்தச் சொன்னோம். பச்சை குத்துகிறவள் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு ‘இசகி’ என்று குத்தினாள். கேட்டதற்கு, கையில் இடம் போதவில்லை என்றாள். இடம் போதாது என்றவள் பக்கத்திலேயே ஒரு தேளை இனாமாகக் குத்தி அனுப்பினாள். கல்யாணமான வருஷம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்தது. “என் பேரக் கையில குத்தினாத்தான் பம்பாய்க்கு ரயில் ஏறுவேன்” என்று வம்பு செய்தது நான். அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார்.

தாராவிக்கு வந்து நாற்பத்தைந்து வருஷமாகிறது. இன்னும் அவர் அப்படித்தான். நான் பேசுவேன், அவர் கையை நீட்டுவார்.

ஆஸ்பத்திரியில் பட்டதையெல்லாம் எழுதி வை, நாலு பேருக்கு உதவும் என்று பேத்தி ஜோதி சொன்னாள். என் மகனுக்கும் மருமகளுக்கும் அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலை. ஜோதிக்கு ஆபீஸ் பக்கம் என்பதால் எங்களோடு இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை அவள் வாசித்து முடிக்க ஒரு வருஷம் பிடிக்கும். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அவர் தோல் பை தைக்கிற பட்டறையில் தோல் வெட்டுகிறவராக இருந்தார். வயதாகி நின்ற பிறகும் தினம் போய் அங்கே உட்கார்ந்துவிட்டு மத்தியானம் சாப்பிட வருவார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வந்தவர் தட்டின் முன்னால் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்.

“ஏட்டி, நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்திருக்காப்ல இருக்கு.”

“நான் இங்கதான நிக்கேன். வேற எவ வந்து உக்காந்தா?” என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மேரியின் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். சந்துக்குள் ஆட்டோ வராது. ரோடு வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாட்டுங்கா பக்கத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். காகிதத்தில் கோடு எழுதி வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஹார்ட் அட்டாக்.

ஆஞ்சியோ என்றால் நெஞ்சைக் கிழிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வலது மணிக்கட்டில் சின்ன ஓட்டை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, இதயம் வரை கொண்டுபோகிறார்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று டிவியில் தெரியும். அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி ஒன்று. குழாய் மூடிக்கொள்ளாமல் பிடித்து நிற்கும். அப்புறம் எக்கோ. வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது போலவே பசையைத் தடவி, மிஷினை நெஞ்சில் வைத்து உருட்டுகிறார்கள். இதயம் ஒரு தடவை சுருங்கும்போது எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் கணக்கு வரும். அதற்குப் பம்பிங் என்று பேர். அறுபது இருந்தால் நல்லது. இவருக்கு நாற்பத்தைந்து.

“நாற்பத்தஞ்சுல பாஸா?” என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். பாஸ்தான் என்றார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், இதயத்துக்கு நடைப் பழக்கம் சொல்லித் தருகிற பிஸியோ மேடம் வந்தார். மராட்டிக்காரப் பெண், ஜோதியைவிடக் கொஞ்சம் மூத்தவள். ட்ரெட்மில்லில் நிறுத்தி, நெஞ்சில் ஒயர் ஒட்டி, மெதுவாக நடக்க வைத்தார். நம் காலடியில் தரை ஓடுகிற மிஷின் அது. எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். பம்பாய்க்கு வந்த எல்லோரும் அப்படித்தானே நடக்கிறோம் என்று ஜோதியிடம் சொன்னேன். அவள் அதை மேடத்துக்குச் சொல்லவில்லை.

மேடம் என் கையைப் பிடித்து, என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் உள்பக்கம், மூன்று விரல் வைக்கச் சொன்னார். துள்ளுவது விரலுக்குத் தெரியும். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை துள்ளல் என்று எண்ண வேண்டும். நூற்றுப்பத்தைத் தாண்டினால் நடையை நிறுத்த வேண்டும். இன்னொன்றும் சொன்னார். நடக்கும்போது அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் சொல்ல மூச்சு போதவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

“மேடம், யே ஆத்மி பைட்டா தோ பி பாத் நை கர்த்தா” என்றேன். உட்கார்ந்திருக்கும்போதே பேசாத மனுஷன், நடக்கும்போதா பேசப் போகிறார்? மேடம் சிரித்துவிட்டார். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். விளையாட்டை விட்டு, மேடம் வேறு வழி சொல்லும்படி அன்றைக்கே நான் நின்று கேட்டிருக்கலாம்.

வாரம் மூன்று நாள் அங்கேயே வந்து நடக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் போனோம். ஜோதி ஒவ்வொரு தடவையும் ஆபீசில் கெஞ்ச வேண்டியிருந்தது. காத்திருக்கிற பெஞ்சில் அவருக்கு முதுகு வலித்தது. “இங்கன பக்கத்துலயே நடந்துக்கிடுதேன்” என்றார் அவர். எங்கள் சந்தில் எங்கே நடப்பது? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டும். கால் வைக்கிற இடம் சாக்கடை மூடி.

ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் உண்டு. காலையில் ஆளே இருக்காது. அங்கே இரண்டு ட்ரெட்மில். ஜோதி பேசி ஏற்பாடு செய்தாள். அதோடு தாத்தாவுக்கு ஒரு வாட்சும் வாங்கி வந்தாள். எத்தனை எட்டு எடுத்து வைத்தார் என்று எண்ணும், நெஞ்சுத் துடிப்பையும் எண்ணும், எல்லாம் அவள் மொபைலில் தெரியும்.

“ஆச்சி, நான் ஆபீஸ்ல உக்காந்தே தாத்தாவோட ஹார்ட்டப் பாத்துக்குவேன். டென்ஷனே நை.”

“நாற்பத்தஞ்சு வருஷமா நான் பக்கத்துலயே இருந்து பாக்காததை நீ ஆபீஸ்ல இருந்து பாக்கப் போற. பாரு.”

வலது கையில் கட்டப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். ஆஞ்சியோ போட்ட இடம் கன்றிப்போய் ஆறியிருந்தது. ஆனாலும் அந்த ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது, அதில் எதையாவது இறுக்கிக் கட்டினால் ரத்தம் பீறிட்டுவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இடது கையை நீட்டினார்.

இசகியின் மேலும் தேளின் மேலும் வாட்ச் உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் துடிப்பு காட்டுகிற இடத்தில் வெறும் கோடு வந்தது. ஜோதி வாரை ஒரு ஓட்டை இறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் எண்பத்து நாலு என்று வந்தது. நாங்கள் கை தட்டினோம். அன்றிலிருந்து எப்போது பார்த்தாலும் எண்பத்து நாலு, எண்பத்தாறு. படியேறினாலும் எண்பத்து நாலு. சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி. நான் விரல் வைத்து எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வம்பு எட்டுக் கணக்கில்தான் வந்தது. அரை மணி நேரம் அவர் ட்ரெட்மில்லில் நடந்தால் வாட்ச் நானூறு எட்டு என்று காட்டும். நான் வீட்டில் தோசை மாவு விற்கிறவள். ஒரு நாள் வேடிக்கைக்காக அந்த வாட்சை என் கையில் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு குண்டான் மாவுக்கு உப்புப் போட்டுக் கலக்கினேன். ஆயிரத்து நூறு எட்டு நடந்துவிட்டேன் என்று காட்டியது. ஸ்டூலை விட்டு எழவே இல்லை.

விட்டேனா? சந்து முழுக்கச் சொன்னேன். மேரியிடம் சொன்னேன். மாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்.

“நான் உக்காந்துட்டு ஆயிரம். அவுக ஓடியாடி நானூறு.”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் ட்ரெட்மில்லில் அவர் விரல் கூட்டுகிற பட்டனை ஒரு தடவை அமுக்கியதைப் பார்த்தேன். அதற்கு மறுநாள் இரண்டு தடவை. வாட்சைப் பார்த்தேன், எண்பத்தாறு. “அப்படிப் போடுங்க” என்றேன். எட்டு மட்டும் ஏறவில்லை. ஜோதியிடம் கேட்டதற்கு, தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், கை ஆடினால்தான் வாட்சுக்கு நடை தெரியும் என்றாள். கால் நடப்பது அதற்குத் தெரியாதாம். கை வீச்சை வைத்துத்தான் கால் எட்டை ஊகிக்கிறதாம். என் மாவுக் குண்டான் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் காலையில் நான் சொன்னேன்: “கம்பிய விட்டுட்டு கைய வீசிப் போங்க. மாப்பிள்ளை ஊர்வலம் போற மாதிரி.”

விட்டார். ஒரு கையை, அப்புறம் இன்னொரு கையை. அந்த வயதில், ஓடுகிற தரையில், கையை வீசிக்கொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது. எட்டு மளமளவென்று ஏறியது. ஐந்நூறு, அறுநூறு. சத்தமாக எண்ணிச் சொன்னேன். அவர் உதடு கறுத்திருந்தது. இப்போது நினைத்தால் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அப்போது ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்தேன்.

“மூச்சு வாங்குதா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். வாட்ச் எண்பத்து நாலு.

எழுநூறு என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அவர் முழங்கால் மடங்கியது. ட்ரெட்மில் அவரைப் பின்னால் தள்ளிக் கீழே போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கத்தினேன். பேக்கரிக்காரர்கள் மாவுக் கையோடு ஓடி வந்தார்கள். அவர் கை என் மடியில் கிடந்தது. எண்பத்து நாலு.

இந்தத் தடவை ஐ.சி.யு. இதயம் தாறுமாறாக ஓடியிருக்கிறது, ஓடி ஓடிச் சோர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேரி டிஃபன் டப்பாவில் கஞ்சி கொண்டுவந்தாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தன் வீட்டில் மாவாட்டி, “இது இசக்கியக்கா மாவுதான்” என்று சொல்லி என் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறாள். வாங்கினவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். ஒருத்தரும் கேட்கவில்லையாம்.

ஜோதி மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு போகிற வருகிற டாக்டரிடமெல்லாம் காட்டினாள். “காலைல ஃபுல்லா எண்பத்து நாலுதான் இருந்துச்சு, பாருங்க சார். நார்மல் சார்.” ஒருவரும் நின்று பார்க்கவில்லை. சாயங்காலம் அந்த பிஸியோ மேடம் விஷயம் தெரிந்து வந்தார். எங்களை உள்ளே கூட்டிப் போனார். கட்டிலுக்கு மேலே இருந்த டிவியில் அவர் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நூற்று இருபத்தாறு. கையில் வாட்ச் இன்னும் இருந்தது. எண்பத்து நாலு.

மேடம் வாட்சைக் கழற்றினார். கீழே பச்சையைப் பார்த்தார். வாட்சை என் வீட்டுக்காரரின் வலது கையில் கட்டினார். கொஞ்ச நேரம் கோடு. அப்புறம் நூற்று இருபத்து மூன்று.

ஜோதி “ஓ காட்” என்று சுவரில் சாய்ந்தாள்.

மேடம் வாட்சைத் திருப்பிக் காட்டினார். அதன் வயிற்றில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் வந்து வந்து போவதைப் பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறதாம். தோலில் மை இருந்தால் வெளிச்சத்தை மை குடித்துவிடும். உள்ளே ஒன்றும் தெரியாமல் அதுவாக ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கும். மை இல்லாத கையிலும்கூட, ஓடும்போது, கை வீசும்போது, துடிப்பு ஒழுங்கில்லாதபோது அது சறுக்கும். நோயாளிகள் அதை மட்டும் நம்பக் கூடாது. இதையெல்லாம் மேடம் இந்தியில் நிதானமாகச் சொன்னார். திட்டவில்லை. மராட்டியில் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஆஜி, உங்களுக்கு விரல் வெச்சுப் பாக்கச் சொல்லிக் குடுத்தேனே?”

நான் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் பச்சையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்றார்.

“என் பேரு.”

“இது?”

“தேளு. அதுவும் நான்தான்.”

மேடம் என் தோளில் கை வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஜிம்மில் நடந்ததால்தான் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷன். எனக்காகத்தான் அதில் பாதியைச் சொன்னார் என்று தோன்றியது.

நாலாம் நாள் மூக்குக் குழாயை எடுத்தார்கள். ஜோதி தாத்தாவுக்குத் தலை வாரிவிட்டாள். வகிடு தப்பான பக்கம் எடுத்தாள். அவள் வெளியே போனதும் நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். மறைத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஏங்க. உங்க நெஞ்சு ஓடினத என் பேருதான் வாட்சுக்குக் காட்டாம மறைச்சிருச்சாம். நானும் வாட்சப் பாத்தேனே ஒழிய உங்க மூஞ்சியப் பாக்கல. கைய வீசச் சொன்னதும் நான்தான்.”

அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கையைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி.

“தேளாத்தான் இருக்கும்” என்றார்.

“என்னது?”

“மறைச்சது. உன் பேரு என்ன செய்யும்? அதுல ஒரு எழுத்தே இல்ல. தேளுதான்.”

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னிடம் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பத்து நிமிஷம் அவருக்கு மூச்சு வாங்கியதாக நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினாள்.

மறுபடி எக்கோ எடுத்தார்கள். இருபத்தெட்டு. இந்தத் தடவை பாஸா என்று கேட்கவில்லை. செத்துப்போன இதயச் சதை திரும்ப வளராது. கிட்னியும் கெட்டிருப்பதால் ஆபரேஷன் தாங்காது என்றார்கள். மாத்திரை இருக்கிறது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், உப்பு கூடாது, கக்கூஸ் வரை நடந்தால் போதும். எத்தனை நாள் என்று ஜோதி இங்கிலீஷில் கேட்டாள். டாக்டர் இங்கிலீஷில் பதில் சொன்னார். அவள் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் அழுத அழுகை எனக்குத் தெரிந்த பாஷைதான்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. கால் வீங்குகிறதா என்று தினம் அமுக்கிப் பார்க்கிறேன். இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு முட்டாமல் தூங்கினார். போன வாரத்திலிருந்து மூன்று. ஜோதி அந்த வாட்சைக் குப்பையில் போடப் போனாள். நான் விடவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். நேரம் மட்டும் சரியாகக் காட்டுகிறது. எனக்கு ஒரு நிமிஷம் எண்ண அது போதும்.

பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கலாம் என்று ஜோதி சொன்னாள். எனக்குப் பெருக்கல் வராது. முழு நிமிஷமும் எண்ணுகிறேன். காலையில் காபி கொடுத்த பிறகு அவர் இடது கையை நீட்டுவார். மூன்று விரல் உள்பக்கம், என் கட்டைவிரல் வெளிப்பக்கம், என் பெயரின் மேல். துடிப்பு ஒழுங்காக வராது. ஓடும், தடுக்கும், ஒரு இடத்தில் வராமலே போகும். அந்த இடத்தில் நானும் மூச்சை நிறுத்திக் காத்திருப்பேன். அப்புறம் இரண்டு சேர்ந்து வரும். சில நாள் எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வருகிற நம்பரை ஜோதிக்கு அப்படியே சொல்லிவிடுகிறேன். அவள் டாக்டருக்கு அனுப்புகிறாள். மாத்திரையைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். அதில் நான் விளையாடுவதில்லை.

இன்று காலையில் நூற்றுப் பதினெட்டு. இடையில் எத்தனை விட்டுப்போனது என்று சொல்ல முடியாது.

“எவ்வளவுட்டி?” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“எண்பத்து நாலு.”

அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

“வாட்ச் சொன்னதேதான்” என்றார்.